சோதனை வாசலில் அண்ணன் வளர்த்த மரம்

அண்ணன் அவர்கள் மறைந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில், மாரிகுப்பத்து லைன் வீட்டுக்கு வந்து, பந்தியில் உட்காருமுன் இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கிக்கொண்ட உறவினர்களுக்கும் ஷிப்ட் தோழர்களுக்கும் அவருடைய தம்பியின் வணக்கம். இதை எழுதியிருக்க வேண்டியவர் எங்கள் வகையறாவில் நன்கு படித்த பெரியவர் ஒருவர். அவருக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டதால் பொறுப்பு என் தலையில் வந்து உட்கார்ந்தது. நான் ராபர்ட்சன்பேட்டையில் சோடாக் கடை வைத்திருப்பவன். ஆகவே இந்தக் கட்டுரையில் நுரை கொஞ்சம் அதிகமாக இருக்கும். அடங்கியபின் குடிக்கவும்.

எழுத உட்காருமுன் அண்ணியிடம் உத்தரவு கேட்டேன். “எழுது. ஆனா உன் கிண்டலையெல்லாம் உன் மேலயே போட்டுக்க, அவரை வுட்டுடு” என்றார். அதன்படியே நடக்க முயன்றிருக்கிறேன்.

அண்ணன் பிறந்தது குடியாத்தத்துக்கு மேற்கே, கேழ்வரகை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சிற்றூரில். தாது வருஷத்துப் பஞ்சத்தில் அப்பா போனார். அவர் பின்னாலேயே அம்மாவும் போனார். அண்ணனுக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. எனக்குப் பால் பல் விழுந்துகொண்டிருந்தது. சில வருஷம் ரோட்டில் கல் உடைத்து என்னையும் காப்பாற்றினார். பிறகு, மலைக்கு அப்பால் மைசூர் சீமையில் பூமியைத் தோண்டினால் கூலி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு என்னை அழைத்துக்கொண்டு கிளம்பினார். இருவரும் நடந்தே கணவாய் ஏறினோம் என்று இத்தனை நாள் சொல்லி வந்திருக்கிறேன். அண்ணன் நடந்தார். நான் பெரும்பாலும் அவர் தோளில் இருந்தேன்.

நாங்கள் வந்த காலத்தில் சுரங்கம் என்பது பெரிய கிணறு என்கிற அளவில்தான் இருந்தது. தங்கம் கண்ணில் படாமல், மூட்டை கட்டிவிடலாமா என்று துரைமார்களே யோசித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு தங்கம் தென்பட்டது, என்ஜின் வந்தது, ஆள்கள் வந்தார்கள், ரயிலும் வந்தது. அண்ணன் முட்டுக்கட்டைக் கூட்டத்தில் சேர்ந்தார். கல்லை வெட்டி எடுத்த இடத்தில் மேல்கூரை சரியாமல் மரத்தூண்களை நிறுத்தித் தாங்கவைக்கிற வேலை அது. எனக்குக் கல் ஏற்றிய டிராம் வண்டியைத் தள்ளுகிற வேலை வாங்கிக் கொடுத்தார். நான் டிராமைத் தள்ளியதைவிட டிராம் என்னைத் தள்ளியதுதான் அதிகம் என்பதை என்னோடு வேலை செய்தவர்கள் அறிவார்கள்.

கல்யாணம் ஆயிற்று, இரண்டு பெண்கள் பிறந்தார்கள். கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த, மூங்கில் தட்டி வைத்த லைன் வீட்டுக்கு முன்னால் நாலடி நிலம். அதில் அவரை, கத்தரி, பூசணி. எதைக் கையில் கொடுத்தாலும் “தின்னலாமா?” என்று நான் கேட்பேன். “மொளைக்குமா?” என்று அண்ணன் கேட்பார். எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

குளிர்காலம் தொடங்கியதும் பெருங்காயமும் உலர்ந்த பழங்களும் மூட்டை கட்டிக்கொண்டு ஒரு காபூல்காரர் ரயிலில் வந்து இறங்குவார். ஆறடி உயரம், முழங்காலுக்குக் கீழே தொங்கும் கோட்டு. ஒரு வருஷம் அவருடைய மூட்டையில் நீளமாய், பழுப்பாய், விரல் நகம் போன்ற கொட்டை ஒன்று இருந்தது. உடைத்தால் உள்ளே வெள்ளையாக எண்ணெய்ப்பசையோடு பருப்பு. நான் அதற்குள் ஒரு கை தின்றுவிட்டேன்.

“இது இன்னா கொட்டைங்க?” என்று அண்ணன் கேட்டார்.

“சில்கோசா.”

“வறுக்காதது கீதா?”

“இருக்கு. எதுக்கு?”

“வெதச்சா மொளைக்குமான்னு பாக்கத்தான்.”

காபூல்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். “உன் ஊர்லயா? நை, நை. இது பனி ஊர் மரம். ஊசி ஊசியா இலை. பனிக்குக் கீழே கொட்டை தூங்கும். குளிர் போனா எழுந்திரிக்கும். இங்கே இந்த வெயில்ல அதுக்குத் தூக்கமே வராது.”

“தூங்க வைக்கிறதுதான் கஷ்டமா? அதுக்கு எடம் கீது” என்றார் அண்ணன். வறுக்காத கொட்டையில் ஒரு பிடி வாங்கி மடியில் கட்டிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அந்த இடம் எது என்பது பற்றி வீட்டில் ஆலோசனை நடந்தது. துரைமார் கிளப்புக்குப் பெங்களூரிலிருந்து மரத்தூள் போட்ட பெட்டியில் பனிக்கட்டி வருகிறது, அந்தப் பெட்டிக்குள் கொட்டையை ஒளித்து வைக்கலாம் என்பது என் யோசனை. “அப்ப நீயும் அதுலயே போயி படுத்துக்க கொழுந்தனாரே, வூட்ல சோறு மிச்சமாவும்” என்றார் அண்ணி.

அண்ணன் மனத்தில் வேறு இடம் இருந்தது. எங்கள் ஷாப்டில், அதாவது சுரங்கத்துக்குள் இறங்குகிற குழியில், மேலாக ஒரு பழைய லெவல் உண்டு. கல் எடுத்து முடித்துக் கைவிட்ட குகை. கூரையிலிருந்து சதா தண்ணீர் சொட்டும். மேலே பங்குனி வெயிலில் தலை வெடித்தாலும் அங்கே போகிறவன் முதுகில் சாக்கைப் போர்த்திக்கொண்டுதான் போவான். தூண்கள் இற்றுப்போயிருக்கிறதா என்று பார்க்க அண்ணனின் கூட்டத்தார் அவ்வப்போது அங்கே போய் வருவார்கள். அண்ணன் ஒரு மண்சட்டியில் சோற்றைக் கொண்டுபோனார், சாப்பிட்டார், சட்டியைக் கழுவினார், காலடியில் கிடந்த பொடி மணலை அள்ளி நிரப்பினார், கொட்டைகளைப் புதைத்தார், சொட்டுத் தண்ணீருக்குக் கீழே தள்ளி வைத்துவிட்டு வந்தார். வீட்டிலிருந்து மண் கொண்டுபோவானேன், அங்கேதான் கொட்டிக் கிடக்கிறதே என்று நினைத்தார்.

சுரங்கத்தில் வேலை செய்யாத எந்தத் தோட்டக்காரனும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

தை பிறந்து சில நாளில் கொட்டைகள் எழுந்தன. போட்டதில் பெரும்பாலானவை அழுகிவிட்டன, ஐந்து முளைத்தன. வெளிறிய நூல் போன்ற தண்டு, அதன் உச்சியில் உடைந்த கொட்டை ஓடு ஒரு குல்லாய் மாதிரி உட்கார்ந்திருக்கிறது என்று அண்ணன் வந்து சொன்னார். தினமும் அதே பேச்சு. “மக வூட்டுக்குப் போயி பேரனைப் பாத்துட்டு வந்தாப்புல பேசறாரு” என்று அண்ணி முணுமுணுத்தார். இருட்டிலேயே வைத்தால் செத்துவிடும், இனி வெளிச்சம் வேண்டும் என்று முடிவாயிற்று. ஒரு நாள் ஷிப்ட் முடிந்ததும் அண்ணன் சட்டியைத் துண்டால் மூடி, மார்போடு அணைத்தபடி கூண்டில் ஏறி மேலே வந்தார்.

மேலே சோதனை வாசல். வெளியூரிலிருந்து வந்திருக்கிற உறவினர்களுக்காக இதைச் சொல்லவேண்டும். சுரங்கத்திலிருந்து ஏறி வருகிற ஒவ்வொருவனும் அந்த வாசலில் தலைப்பாகையை அவிழ்த்து உதறிக் காட்ட வேண்டும். வாயைத் திறக்க வேண்டும். இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். ஜமேதார் தடவிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்ன பிறகுதான் வீட்டுக்குப் போகலாம். ஒரு குந்துமணி கல்லைக்கூட யாரும் கொண்டுபோய்விடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு.

அப்போதைய ஜமேதார் கோலார்ப் பக்கத்துக் கன்னடக்காரர். அவருடைய மீசையைப் பார்த்தாலே குற்றம் செய்யாதவனுக்கும் வியர்க்கும். அன்று வரிசையில் அண்ணனுக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன்.

“ஏனப்பா இது?” என்றார் ஜமேதார். ‘என்னப்பா இது’ என்பதை அவர் பாஷையில் அப்படித்தான் கேட்பார்கள்.

“செடி, சாமி.”

“கீழேயிருந்தா செடி கொண்டு வர்றே?”

வரிசை முழுக்கச் சிரித்தது. “அண்ணா, எனக்கு ரெண்டு கட்டு கீரை!” என்று பின்னாலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான்.

ஜமேதார் துண்டை விலக்கினார். மணலுக்குள் விரலை விட்டார். கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது.

“இந்த மண்ணு எல்லிந்து வந்தது?”

“கீழ கொட்டிக் கெடந்திச்சி சாமி. அத்ததான் அள்ளிப் போட்டேன்.”

அண்ணன் இதை மிகவும் சாதாரணமாகச் சொன்னார். வரிசையில் சிரிப்பு நின்றது. தங்கம் கலந்த அந்தப் பொடியைத் தோண்டி எடுக்கத்தான் அந்த ஷாப்ட். அதை மேலே இழுக்கத்தான் அந்த என்ஜின். அது வெளியே போகாமல் பார்க்கத்தான் அந்த ஜமேதார். அதிலே தினமும் முழங்கால் வரை நின்று வேலை செய்கிற அண்ணனுக்கு அது வேட்டியில் ஒட்டுகிற அழுக்கு. அவருக்குச் சங்கதி புரிந்தபோது ஜமேதார் விசிலை ஊதிவிட்டிருந்தார்.

அடுத்ததாக ஜமேதார் செய்த காரியம், முளைகளின் தலையிலிருந்த ஓடுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பல்லால் கடித்து உடைத்ததுதான். உள்ளே தங்கம் ஒளித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியது அவர் கடமை. தங்கம் இல்லை. இவை கொட்டையிலிருந்து முளைத்தவை என்று காட்ட அண்ணனுக்கு இருந்த ஒரே ருசு ஜமேதாரின் பல்லில் நொறுங்கிவிட்டது.

துரையிடம் கொண்டுபோனார்கள். மணலைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அங்கே எந்தப் பிடி மணலை எடுத்தாலும் என்ன இருக்குமோ, அது இதிலும் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு தங்கம். சிறைக்கு அனுப்ப அது போதாது. விட்டுவிடவும் மனம் வராது. ஜமேதாரின் கட்சி இது: இவை ஏதோ புல் முளைகள், மணலை வெளியே கடத்துவதற்காக மேலே நட்டு வைத்திருக்கிறான். அண்ணனின் கட்சி: இது காபூல் கொட்டை மரம். துரை அந்த ஐந்து நூல்களையும் உற்றுப் பார்த்தார். அவருக்கு அவை புல்லாகவும் தெரியவில்லை, மரமாகவும் தெரியவில்லை.

கடைசியில் துரை தம்முடைய கடைத்தெருத் தமிழில் தீர்ப்புச் சொன்னார். “இது மரமா வளர்ந்தா நீ சொன்னது நிஜம். புல்லாப் போனா போலீஸ்.”

“செத்துப்போனா துரை?” என்று அண்ணன் கேட்டார்.

“செத்துப்போனா எதைக் காட்டுவே? அப்பவும் போலீஸ்தான்.”

பிறகு ஜமேதார் பக்கம் திரும்பி, “செடிக்கு நீ பொறுப்பு. செத்தா உனக்கும் வேலை இல்லை” என்றார்.

இப்படியாகத் திருடன் என்று சொன்னவரும் திருடன் என்று சொல்லப்பட்டவரும் ஒரே செடிக்குத் தண்ணீர் ஊற்றும்படி ஆயிற்று. காவல் கொட்டகைக்கும் சோதனை வாசலுக்கும் நடுவே இருந்த கொஞ்சம் இடத்தில் ஐந்தையும் நட்டு முள்வேலி போட்டார்கள். அண்ணன் சுரங்கத்தில் இறங்கக் கூடாது. தீர்ப்பு வரும்வரை மேலே மரக்கிடங்கில் வேலை. கப்பலில் வந்து ரயிலேறிய பைன் கட்டைகளை அளவுக்கு அறுத்து அடுக்குவது. காலையிலும் மாலையிலும் வாசலுக்கு வந்து செடியைப் பார்த்துவிட்டுப் போகலாம். ஜமேதார் பக்கத்தில் இருக்க வேண்டும்.

லைனில் அண்ணனுக்குச் ‘சட்டி’ என்று பெயர் விழுந்தது. குழாயடியில் அண்ணி குடத்தை வைத்தால், “சட்டியிலயே மொண்டுக்கினு போயேன்” என்று ஒருத்தி சொல்லியிருக்கிறாள். அண்ணி அன்றிலிருந்து ரொம்ப தூரம் நடந்து கிணற்றுத் தண்ணீர் கொண்டு வந்தார். மூத்த பெண்ணைப் பூதிகோட்டையில் பேசி முடித்திருந்தோம். பையன் வீட்டார், ‘வாசல் விஷயம் ஒரு முடிவுக்கு வரட்டும்’ என்று சொல்லி அனுப்பினார்கள். பையன்மேல் தப்பில்லை. இப்போது பந்தியில் உங்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பவர் அவர்தான்.

முதல் செடியை வெற்றிலை கொன்றது. வரிசையில் நிற்பவர்கள் வாயைத் திறந்து காட்டுமுன் எச்சிலைத் துப்பியாக வேண்டும். வேலி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இரண்டாவது செடியை ஒரு ஆடு மேய்ந்துவிட்டது. “யாருடைய ஆடு?” என்று துரை கேட்டாராம். “விசாரிச்சுட்டு இருக்கேன் துரை” என்று ஜமேதார் விறைப்பாக நின்று பதில் சொன்னாராம். ஆடு ஜமேதாருடையது.

இதன் பிறகு ஷிப்ட் ஆள்களுக்கு அண்ணன்மேல் இரக்கம் வந்துவிட்டது. மேலே வருகிறவன் எல்லாம் தன் டப்பாவில் மிச்சமிருந்த தண்ணீரை, “பொழைச்சிக்க கண்ணு” என்று சொல்லி வேலிக்குள் ஊற்றினான். மூன்றாவது செடி வேர் அழுகிச் செத்தது. சித்திரைக் காற்று நாலாவதைச் சருகாக்கிற்று. ஒன்றுதான் மிச்சம்.

“இனிமேல் யாராச்சும் தண்ணி ஊத்தினா கையை ஒடைப்பேன்!” என்று ஜமேதார் வரிசையைப் பார்த்துக் கத்தினார். தம்முடைய குடையை விரித்து அந்தச் செடிக்கு மேல் கட்டினார். பகலெல்லாம் மொட்டை வெயிலில் நின்று சோதனை போட்டார்.

“சாமி, வெயில் ஒங்களுக்குத்தான் ஆவாது. செடிக்கு ஓலையை வெச்சிக்கலாம்” என்றார் அண்ணன்.

“சும்னிரு. ஓலை காத்துல பறந்தா நீயா துரைக்குப் பதில் சொல்லுவே?”

“நான் ஜெயிலுக்குப் போவேன். நீங்க வேலை போயி ஊருக்குப் போவீங்க. அவ்வளவுதானே வித்தியாசம்?”

“உன்னாலதானே எல்லாம்!”

“நான் செடின்னுதானே சொன்னேன். நீங்கதானே புல்லுன்னு சொன்னீங்க.”

இந்தச் சண்டை தினமும் நடந்தது. வரிசையில் நிற்பவர்களுக்கு அது பொழுதுபோக்கு. நான் மட்டும் சிரிக்கவில்லை என்று எழுத ஆசைதான். எல்லோரையும்விட நான்தான் பலமாகச் சிரித்தேன். அண்ணியிடம் போய் நடித்தும் காட்டினேன். அகப்பையால் அடி வாங்கினேன்.

அடுத்த குளிர்காலத்தில் காபூல்காரர் வந்து இறங்கினார். அண்ணனுக்கு விடிவு வந்துவிட்டது என்று நான் அவரை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஜமேதார் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, தடியால் செடியைக் காட்டி, “இது நீ கொடுத்ததா? நிஜத்தைச் சொல்லு” என்று அதட்டினார். காபூல்காரர் பெல்ட்டைப் பார்த்தார், தடியைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார். “நான் எதுவும் கொடுக்கலை. இந்தச் செடியை நான் பார்த்ததே இல்லை” என்றார்.

“யோவ், நீதானேயா பனி ஊர் மரம்னு சொன்னே!” என்று நான் கத்தினேன்.

“கொட்டை பம்பாய்ல வாங்கினேன் பாய். மரம் யார் பார்த்தது? நான் பொறந்ததே பூனா” என்று சொல்லிவிட்டு, அத்தனை உயரமான மனிதர் மூட்டையோடு ஓடினார். நான் கொண்டு வந்த சாட்சி இந்த லட்சணத்தில் முடிந்தது. அண்ணன் என்னைத் திட்டவில்லை. “சரி, வுடு. அவரு சொன்னது நெசந்தான். பாக்காததைப் பாத்தேன்னு எப்பிடிச் சொல்வாரு?” என்றார்.

செடி சாகவில்லை. வளரவும் அவசரப்படவில்லை. இரண்டாவது வருஷத்தில் ஒரு சாண். உடம்பெல்லாம் ஊசி ஊசியாக இலை. புல் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் ஊசி இலை ஆயிரம் செடிக்கு உண்டு, ஏதோ சவுக்குக் கன்று என்று ஜமேதார் சொன்னார். துரை தீர்ப்பைத் தள்ளிப்போட்டார். பூதிகோட்டையிலிருந்தும் ஒரு சேதி இல்லை. அந்தக் காலத்தில் அண்ணனிடம் ஒரு விசித்திரமான பழக்கம் வந்திருந்தது. அவர் செடியைக் கையால் தொடவே மாட்டார். நீளமான காம்பு வைத்த கொட்டாங்கச்சியால் எட்ட நின்று தண்ணீர் ஊற்றுவார். களை பிடுங்க வேண்டியிருந்தால் ஜமேதாரைப் பிடுங்கச் சொல்வார். “பெரிய ஜமீன்தார், கை அழுக்காயிடும்” என்று ஜமேதார் திட்டிக்கொண்டே பிடுங்குவார்.

ஒரு காலை, செடியில் சாரை சாரையாக எறும்பு ஏறியது. ஜமேதார் உட்கார்ந்து ஒவ்வொரு இலையாக உருவி எறும்பைத் தட்டினார். பிறகு வழக்கப்படி மீசையை முறுக்கக் கையை மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். விரலை மோந்தார். இன்னொரு தரம் மோந்தார். மரக்கிடங்கில் கப்பல் கட்டைகளை அறுக்கும்போது வருகிற அதே மணம். மூக்கில் ஏறுகிற பிசின் மணம்.

முதலில் அவருக்கு வந்தது சந்தேகம்தான். மரக்கிடங்கிலிருந்து பிசினைக் கொண்டுவந்து அண்ணன் தடவிவிட்டார் என்று நினைத்தார். பூந்திக்கொட்டை நுரையால் செடியைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது போல் குளிப்பாட்டினார். அண்ணன் வாசல் பக்கமே வரக்கூடாது என்று தடை போட்டார். தாமே தண்ணீர் ஊற்றினார். சில நாள் விட்டு இலையைக் கசக்கி மோந்தார். மணம் போகவில்லை.

அன்றைக்கு ஜமேதார் துரையின் ஆபீசுக்கு நடந்ததை நானே பார்த்தேன். வலது கையை எதிலும் படாமல் முன்னால் நீட்டியபடி, எரிகிற கற்பூரத்தட்டைக் கொண்டுபோகிறவர் மாதிரி போனார். துரைக்கு இடது கையால் சலாம் வைத்தார். துரைக்கு முகம் சிவந்தது.

“இன்னா இது, இடது கை?”

“வலது கை சாட்சி, துரை. மோந்து பாருங்க.”

துரை அவருடைய கையைப் பார்த்தார். அந்தக் கையை யாரும் அதுவரை மோந்து பார்த்திருக்க முடியாது. கொஞ்சம் தயங்கிவிட்டு, குனிந்து மோந்தார். எழுந்தார். தொப்பியை மறந்துவிட்டு வாசலுக்கு நடந்தார். செடியருகே குனிந்து தாமே ஒரு இலையைக் கசக்கி மோந்தார்.

“பைன்” என்றார்.

பனி ஊர் மரம்தான் என்பது அந்த ஒரு வார்த்தையில் தீர்ந்தது. மறுநாள் அண்ணனைச் சுரங்கத்துக்குள் இறங்கச் சொல்லி உத்தரவு வந்தது.

அண்ணனுக்கு அந்த மணம் எத்தனையோ நாளாகத் தெரியும். “இதை முன்னாடியே சொல்லியிருந்தா?” என்று நான் அவரைக் கேட்டேன். “நாள் பூரா பைன் கட்டை அறுக்கிற கையி இது. நான் சொல்லியிருந்தா, நீதான் தடவினேன்னு சொல்லியிருப்பாங்க. அதான் கை வெக்காம இருந்தேன். அவரே மோந்து பாக்கணும்” என்றார். ஒரு வார்த்தையை இத்தனை நாள் வாய்க்குள் வைத்திருப்பது என்னால் ஆகாத காரியம். வைத்திருந்தால் சோடா பாட்டில் மாதிரி வெடித்திருப்பேன்.

பழையபடி சுரங்கத்தில் இறங்கிய முதல் நாள் ஷிப்ட் முடிந்து அண்ணன் மேலே வந்தார். வரிசையில் அவர் முறை வந்ததும் ஜமேதார் ஒதுங்கி நின்று, “நீ போப்பா, போ” என்றார். அண்ணன் போகவில்லை. தலைப்பாகையை அவிழ்த்து உதறினார். வாயைத் திறந்தார். இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

“அதான் போகச் சொன்னேனே” என்றார் ஜமேதார்.

“சோதனை போடுங்க சாமி.”

“வேண்டாம், போ.”

“இன்னிக்குப் போடாம வுட்டீங்கன்னா நாளைக்கு அதுக்கு ஒரு பேச்சு வரும். எல்லாருக்கும் போடற மாதிரி போடுங்க.”

“யோவ், போட்டு வுடுங்கய்யா, பசி உயிர் போவுது!” என்று பின்னாலிருந்து சத்தம். அண்ணன் கைகளை இறக்கவில்லை. கடைசியில் ஜமேதார் கிட்டே வந்து, தோளிலிருந்து கணுக்கால்வரை, ஒரு மடிப்பு விடாமல் தடவிப் பார்த்தார். அவ்வளவு நிதானமான சோதனையை அந்த வாசலில் யாரும் கண்டதில்லை. பார்த்து முடித்து, வரிசைக்கெல்லாம் கேட்கிற மாதிரி, “ஒண்ணுமில்லை” என்றார்.

அண்ணன் கைகளை இறக்கித் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அந்த மாசமே பூதிகோட்டையிலிருந்து வெற்றிலை பாக்கு வந்தது.

மரத்தை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அண்ணி அடம் பிடித்தார். “கேசு முடிஞ்சிச்சில்ல? நம்ம மரம் நம்ம வூட்டாண்டதானே இருக்கணும்?” ஜமேதாரும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆணிவேர் கல்லுக்குள் இறங்கிவிட்டது, பிடுங்கினால் பிழைக்காது என்று அண்ணன் மறுத்துவிட்டார். ஆகவே எங்கள் வீட்டுத் தோட்டத்தில் அவரையும் பூசணியும்தான். அண்ணன் வளர்த்த மரம் இன்றும் வாசலிலேயே நிற்கிறது. இத்தனை வருஷத்தில் என் மார்பு உயரத்துக்கு வந்திருக்கிறது. நான் உயரமானவன் அல்லன். இதுவரை ஒரு காய்கூடக் காய்க்கவில்லை. இந்தச் சீதோஷ்ணத்தில் காய்க்குமா என்பதும் யாருக்கும் தெரியாது.

அண்ணன் அதன் பிறகு பல வருஷம் சுரங்கத்தில் இருந்தார். மின்சார விளக்கு வந்ததைப் பார்த்தார். இரண்டு பெண்களையும் நல்ல இடத்தில் கொடுத்தார். கடன் வாங்காதவர், கூட வேலை செய்கிறவனைத் தாழ்வாகப் பேசாதவர். கல்தூசு அவர் நெஞ்சில் படிந்து இருமல் முற்றியதும் வேலையிலிருந்து நின்றார். கடைசி மாதங்களில் படுத்துக்கொண்டால் மூச்சு வாங்கும். சாய்ந்தபடி உட்கார்ந்தே தூங்கினார். வலியைப் பற்றிப் பேசமாட்டார். சென்ற வருஷம் இதே திதியில், காலைக் கஞ்சியைப் பாதி குடித்துவிட்டு, மீதியை ஆறட்டும் என்று வைக்கச் சொன்னார். ஆறுவதற்குள் போய்விட்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அண்ணனின் நோய்க்காலத்தில் முறை போட்டுக்கொண்டு வந்து தூக்கி உட்காரவைத்த முட்டுக்கட்டைக் கூட்டத்தார், ஆஸ்பத்திரியிலிருந்து மருந்து கொண்டுவந்து கொடுத்த பக்கத்து வீட்டுப் பெரியவர், அழைக்காமலே பாடை கட்ட வந்த லைன்காரர்கள், பூதிகோட்டைச் சம்பந்தி வீட்டார், குழாயடியில் பேசியதற்காகப் பிற்பாடு அண்ணியின் கையைப் பிடித்து அழுத அந்த அம்மாள், எழுத்துக் கோக்கும்போது என் பிழைகளைத் திருத்திய ராபர்ட்சன்பேட்டை அச்சுக்கூடத்தார் ஆகிய எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். நன்றி சொல்கிற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

“ஜமேதார் பேரு எங்க?”

“போடலாமான்னு தெரியலை அண்ணி. அவராலதானே எல்லாம்.”

“ஆமாம், அவராலதான்” என்றார் அண்ணி. “திருடன்னு சொன்னவன் எத்தனையோ பேரு. சொன்ன வாயாலயே ‘ஒண்ணுமில்லை’ன்னு அத்தனை பேரு எதிர்ல சொன்னவரு அவரு ஒருத்தர்தான். போடு. ஆனா மொதல்ல போடாதே. கடைசியில போடு.”

கடைசியாக, ஜமேதார் ஐயா அவர்களுக்கு எங்கள் நன்றி.